பெசாக் இரவும் குலாம்கிரியும்

1874ஆம் ஆண்டு புனேயில், விட்டல் சகாராம் அக்னிஹோத்ரியின் அச்சகத்திலிருந்து ஒரு ஹகாதா வெளிவந்தது. எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த இஸ்ரவேலர் அங்கிருந்து வெளியேறிய கதையைச் சொல்லும் நூல் இது. பெசாக் பண்டிகையின் இரவில், யூதர்கள் தத்தம் வீட்டில் உணவைச் சுற்றி அமர்ந்து இதை வாசிப்பார்கள். கிறித்தவத் தமிழர் பாஸ்கா என்று சொல்வது இந்தப் பண்டிகையைத்தான். எபிரேய மூலத்தோடு மராட்டி மொழிபெயர்ப்பும் சேர்ந்த இந்தப் பதிப்பைக் கொண்டுவந்தவர்கள் மோசஸ் ஜேக்கப் தல்கரும் ஆரோன் டேனியல் தல்கரும். புளிக்காத மாவில் மட்சா ரொட்டி செய்யும் பெண்களை அதன் படங்களில் பார்க்கலாம். எல்லோரும் மராட்டிப் புடவை உடுத்தியவர்கள். வேள்வித் தீ காத்த மரபின் பெயரைச் சுமந்த ஒருவரின் அச்சகத்தில் எகிப்திய அடிமைகளின் விடுதலைக் கதை அச்சேறியதை அன்றைய புனே பெரிதாக எடுத்துக்கொண்டிருக்காது. அச்சுக்கூலி வந்தால் சரி.

அதற்கு முந்தைய ஆண்டு அதே ஊரில், அதே மராட்டியில், அடிமைத்தனத்தைப் பற்றிய இன்னொரு நூல் வெளிவந்திருந்தது. அது ஜோதிராவ் புலேயின் 'குலாம்கிரி'. கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அந்த நூலைப் புலே காணிக்கையாக்கினார். தம் நாட்டவரும் அவர்களைப் பார்த்து, சூத்திரரையும் அதிசூத்திரரையும் பார்ப்பனப் பிடியிலிருந்து விடுவிக்க முன்வர வேண்டும் என்பது அவர் எண்ணம். 1873 செப்டம்பர் 24 அன்று அவர் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார்.

தல்கர்கள் புலேயைப் படித்தார்கள் என்றோ புலே ஹகாதாவைப் புரட்டினார் என்றோ நிறுவுவது என் நோக்கமல்ல. ஆனால் இரண்டு உலகங்களுக்கும் நடுவே மதில் இருக்கவில்லை. சமாஜத்தின் கதவு எல்லாச் சாதிக்கும் மதத்துக்கும் திறந்திருந்தது. யூதர் சிலரும் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார்கள். 1876இல் மொத்த உறுப்பினர் 316 பேர். ஒரே ஊரில், ஓராண்டு இடைவெளியில், ஒரே மொழியில் அடிமைகளின் விடுதலை இருமுறை அச்சாகிறது. ஒன்று பண்டிகையில் வாசிப்பதற்கான நூல். மற்றொன்று பண்டிகைகளையே குறுக்கு விசாரணை செய்யும் நூல். பண்டிகை மரபும் மனித உரிமையும் எங்கே சந்திக்கின்றன, எங்கே ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்து போகின்றன என்று பார்க்க இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது உதவும்.

முதலில் வடிவம். ஹகாதாவின் கதை கேள்வியில் தொடங்குகிறது. வீட்டின் கடைக்குட்டி, இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப்போல் இல்லை என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கேட்கத் தெரியாத குழந்தை இருந்தால் அதற்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பதும் பெரியவர் கடமை. 'குலாம்கிரி'யும் உரையாடல்தான். தோண்டிபா கேட்கிறார், ஜோதிராவ் பதில் சொல்கிறார். பெசாக் இரவின் சடங்குக்குப் பூசாரி வேண்டியதில்லை, கோயிலும் வேண்டியதில்லை. குடும்பத்தார் சேர்ந்தால் போதும். சத்தியசோதக் சமாஜமும் கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே தரகர் எதற்கு என்று கேட்டது. 1873 முடிவதற்குள் புரோகிதர் இல்லாத திருமணத்தையும் நடத்திக் காட்டியது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு வேரும் உண்டு. ஸ்காட்லாந்து மிஷனரிகள். ஜான் வில்சன் 1832இலேயே பம்பாயில் மராட்டி வழியாக எபிரேயம் கற்பிக்கும் இலக்கண நூலை வெளியிட்டார். கொங்கண யூதர்கள் தம் வேதமொழியை மீட்டுக்கொள்ள அந்த நூலும் மிஷன் பள்ளிகளும் பெரிதும் உதவின. புலே படித்ததும் புனேயில் இருந்த ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில்தான். 1847 வாக்கில் தாமஸ் பெயினின் மனித உரிமை நூல் அவர் கைக்கு வந்தது. மிஷனரிகள் வந்தது ஆள்சேர்க்க. யூதர்கள் எபிரேயத்தை எடுத்துக்கொண்டு ஏசுவை அவர்களிடமே விட்டுவிட்டார்கள். புலே பெயினை எடுத்துக்கொண்டு ஞானஸ்நானத்தை விட்டுவிட்டார். பள்ளி நடத்தியவர்களுக்கு இது கசப்பாக இருந்திருக்கும்.

இந்தக் கொங்கண யூதர்களுக்குப் பெனே இஸ்ரேல் என்று பெயர். அலிபாகுக்கு அருகே நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தப்பிக் கரையேறியதாகவும், அவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்றும் அவர்கள் மரபுக் கதை சொல்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊர் அவர்களைச் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர் என்று ஒரு சாதியாக்கி, சாதிப்படிக்கட்டில் ஒரு படியும் ஒதுக்கிக் கொடுத்தது. வெள்ளையர் படையிலும் பிறகு ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் சேர்ந்தபோது அவர்களில் பலர் புனேவுக்கு வந்தார்கள். ராஸ்தா பேட்டில் 1921இல் சுக்கத் ஷெலோமோ தொழுகைக்கூடத்தைக் கட்டினார்கள். புலேயின் வீடு இருக்கும் கஞ்ச் பேட் அங்கிருந்து நடந்தே போய்விடும் தூரம்.

மிஷனரிகளும் கொச்சி யூத ஆசிரியர்களும் வருவதற்கு முன்பு அவர்கள் கொண்டாடிய பண்டிகைகளின் பெயர்கள் ஹாயீம் சாமுவேல் கேகிம்கரின் வரலாற்று நூலில் உள்ளன. 1897இல் எழுதி முடிக்கப்பட்ட அந்த நூல் 1937இல்தான் டெல் அவிவில் அச்சேறியது. பூரிம் அவர்களுக்கு ஹோளிப் பண்டிகை. எருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாளில் முளைகட்டிய மொச்சை சமைத்ததால், அது மொச்சையின் பெயரால் வழங்கியது. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர், கதவடைப்பு நாள். மறுநாள் 'ஷிளா சண்'. ஏழைகளுக்குத் தானம் கொடுத்து, உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் நாள் அது.

இந்தக் கதவடைப்பைப் பற்றி இனிமையாக எழுதுவது எளிது. வெள்ளுடை, உண்ணாநோன்பு, மூடிய கதவுக்குள் தன்னையே எடைபோடும் ஒரு சமூகம். ஆனால் கதவு அடைத்ததற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. அன்று வேற்றுச் சாதியார் தீண்டிவிடக் கூடாது. மனம் திருந்துவதற்கான நாளுக்குள் தீட்டுக் கணக்கும் புகுந்துவிட்டது. அடுத்த நாள் ஏழைக்குக் கை நிறையத் தானம் கொடுத்தவர்கள் முதல் நாள் அதே ஏழையின் நிழல் படாமல் உள்ளே இருந்தார்கள். அவர்களை மட்டும் குறைசொல்ல ஏதுமில்லை. கொங்கணத்தில் மரியாதையாக வாழ வேண்டுமென்றால் அந்த ஊர் மரியாதையை அளக்கும் கோலால்தான் தன்னையும் அளந்துகொள்ள வேண்டும். ஆயினும், தானமும் உரிமையும் ஒன்றல்ல என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது. 1868இல் புலே தம் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியைத் தீண்டாதார் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். அதைத் தண்ணீர் தானம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுற்றுவட்டாரத்துக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

சனிக்கிழமை ஓய்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூத வேதமான தோராவில் ஓய்வுநாள் கட்டளை இருமுறை வருகிறது. முதல் இடத்தில் சொல்லப்படும் காரணம், இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தது. இரண்டாம் இடத்தில், உபாகமத்தில், காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன் மாடும் கழுதையும் உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனும் உன்னைப்போலவே ஓய வேண்டும் என்பது அதன் கருத்து. உலகின் பழைய தொழிலாளர் சட்டங்களில் ஒன்றாக இதை வாசிக்கலாம். அடிமைக்கு ஓய்வு கிடையாது, ஆகவே ஓய்வு கிடைத்தால் அவன் அடிமை அல்ல என்ற கணக்கு அதில் இருக்கிறது.

கொங்கணத்தின் யூதச் செக்காட்டி வாரம் ஒருநாள் ஓய்ந்திருந்தான். பம்பாயின் பருத்தி ஆலைத் தொழிலாளிக்கு அந்த ஒருநாள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த ஆலைகளின் முதலாளிகள் வரிசையில் பார்சிகள், குஜராத்தியர், ஆங்கிலேயரோடு யூதரான சசூன் குடும்பத்தாரும் இருந்தார்கள். வார விடுமுறைக்கான போராட்டம் வந்த திசைதான் நமக்கு முக்கியம். நாராயண் மேகாஜி லோகண்டே சத்தியசோதகர். புனேயில் கிருஷ்ணராவ் பாலேகர் 1877இல் தொடங்கிய 'தீனபந்து' இதழை 1880இல் ஏற்று பம்பாயிலிருந்து நடத்தியவர். 1884இல் ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டு, 5,500 பேர் கையெழுத்திட்ட மனுவை முன்வைத்தார். அவர் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டதற்குக் காரணம் கிறித்தவம் அல்ல. ஞாயிறு கண்டோபாவின் நாள். மராட்டிய உழவர்களின், ஆலைத் தொழிலாளர்களின் குலசாமி கண்டோபா. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் இறங்கிவந்து வார விடுமுறைக்கு இசைந்தார்கள். ஒரு வழிபாட்டு நாள் உழைப்பவனின் உரிமையாக மாறிய இந்த நிகழ்வை, நம் தொழிற்சங்க வரலாறுகள் இன்னும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்லலாம். உபாகமத்தின் நியாயத்தை லோகண்டே கண்டோபாவின் பெயரால் வென்றெடுத்தார். அந்த நூல் எந்த முதலாளிகளின் வேதமாக இருந்ததோ அவர்கள் பக்கமிருந்து அது வரவில்லை.

சசூன் பெயரைத் தொட்டுவிட்டால் புனேயில் எளிதில் விடுபட முடியாது. டேவிட் சசூன் பாக்தாத்திலிருந்து, அந்நாளைய ஆளுநர் தாவூத் பாஷாவின் கொடுமைக்குத் தப்பி வந்தவர். 1832இல் பம்பாய் சேர்ந்தார். அவரிடமும் ஒரு வெளியேற்றக் கதை இருந்தது. 1864 நவம்பரில் புனேயில் இறந்தார். காம்ப் பகுதியில் செங்கல்லில் எழுந்த ஓஹேல் டேவிட் தொழுகைக்கூடத்தை 'லால் தேவுள்' என்று ஊரார் அழைக்கிறார்கள். அதன் வளாகத்திலேயே அவர் கல்லறையும் இருக்கிறது. கூடம் திறந்தது 1867இல். அவர் கொடையில் எழுந்த சசூன் மருத்துவமனை திறந்ததும் அதே ஆண்டில்தான். 1924 ஜனவரியில் எரவாடா சிறைக் கைதியான காந்திக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனை அது. ஆதரவற்ற முதியோருக்காக அவர் உதவியில் தொடங்கிய இல்லம் 'நிவாரா' என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது.

இந்தக் கொடைகளுக்கான பணத்தில் ஒரு பங்கு அபினியிலிருந்து வந்தது. மாளவத்து அபினியைச் சீனத்துக்கு ஏற்றிய வணிகத்தில் சசூன் நிறுவனம் வளர்ந்து, 1870களுக்குள் முன்னணிக்கு வந்துவிட்டது. யூத மரபில் 'செதாகா' எனப்படும் ஈகை, மனமிருந்தால் செய்யும் தருமம் அல்ல, கட்டாயக் கடமை. டேவிட் சசூன் அந்தக் கடமையைத் தவறாமல் செய்தவர். ஆனால் யோம் கிப்பூரைப் பற்றி மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு விதிக்கும் ஒரு நிபந்தனை இங்கே குறுக்கே நிற்கிறது. மனிதன் இறைவனுக்குச் செய்த பிழையை அந்த நாள் போக்கும். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையை, பாதிக்கப்பட்டவரை நேரில் சமாதானப்படுத்தாத வரை அந்த நாளும் போக்காது. கான்டனில் அபினிக்கு அடிமையானவனை எவர் போய்ச் சமாதானப்படுத்துவது? கொடை கொடுத்த ஊரும் காயம்பட்ட ஊரும் வெவ்வேறாக இருக்கும்போது இந்த விதி வணிகர்களுக்கு வசதியாக மறந்துபோகிறது. சசூனுக்கு மட்டும் நேர்ந்த மறதி அல்ல இது. நம்மூர் அறக்கட்டளைகள் பலவற்றின் கணக்கேடுகளையும் இதே விதியை வைத்துப் பார்க்கலாம்.

இனி இக்கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். எகிப்தில் தானே அடிமையாக இருந்ததாக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தம்மை எண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஹகாதா கட்டளையிடுகிறது. பசித்தவர் எவரும் வந்து உண்ணலாம் என்ற அழைப்போடு வாசிப்பு தொடங்குகிறது. அந்த அழைப்பு எபிரேயத்தில் இல்லை. அக்காலத்து எளிய மக்கள் பேசிய அரமேயத்தில் இருக்கிறது, தெருவில் போகிறவனுக்கும் விளங்கட்டும் என்பதற்காக. அப்படியென்றால் 1874இல் புடவை கட்டிய பெண்கள் செய்த மட்சாவை எவரெவர் சேர்ந்து உண்டார்கள்?

பெனே இஸ்ரேலருக்குள் கோரா, காளா என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. கோரா என்போர் தூய யூத வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள். பிற சாதிப் பெண்களுக்குப் பிறந்தவர்களின் வழியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் காளா. வெள்ளை, கறுப்பு என்று பெயரானாலும் தோலின் நிறத்துக்கும் இதற்கும் உறவு குறைவு, சாதிக்கும் இதற்கும் உறவு அதிகம். கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஒரே பந்தியில் உண்பதும் கிடையாது. எகிப்தின் அடிமைத்தனத்தை நினைத்துக் கசப்புக் கீரையை மென்ற வீடுகள் காளா குடும்பத்தோடு அந்தக் கீரையைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை.

இதே கோராக்களை, சசூனின் சமூகமான பாக்தாதி யூதர்கள் தங்களுக்குச் சமமாக ஏற்கவில்லை. தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் கணக்கில் இவர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். 1836இலேயே பம்பாயில் பொது இடுகாட்டில் தடுப்புச் சுவர் கேட்டார்கள். ரங்கூனில் பாக்தாதிகள் நடத்திய முஸ்மேயா யேசுவா தொழுகைக்கூடத்தின் நிர்வாகத்தில் பெனே இஸ்ரேலர் இடம்பெறலாமா என்ற கேள்வி 1930களில் உயர் நீதிமன்றம் வரை போய், பெனே இஸ்ரேலருக்குச் சாதகமாக முடிந்தது. புனேயிலும் தொழுகைக்கூடங்கள் இரண்டு. காம்பில் சசூன் கட்டியது ஒன்று, ராஸ்தா பேட்டில் பெனே இஸ்ரேலர் கட்டியது இன்னொன்று. பாக்தாதிகள் லண்டனுக்கும் பிற ஊர்களுக்கும் போய்விட்ட பிறகு இன்று லால் தேவுளில் கூடித் தொழுபவர்களில் பெரும்பாலோர் பெனே இஸ்ரேலர். வரலாற்றுக்கு இப்படியும் ஒரு நகைச்சுவை உணர்வு உண்டு.

கொச்சியில் கதை இன்னும் வெளிப்படையானது. பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் சந்ததியார் பெஞ்சில் உட்காரக் கூடாது, தரையில்தான் உட்கார வேண்டும். ஆண்டுதோறும் அடிமைத்தளையை அறுத்த கதையை வாசித்த சமூகத்தில், உண்மையாகவே அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தரைதான் இடம். அந்தச் சந்ததியில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்த ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967) இதை எதிர்த்து அகிம்சை வழியில் நின்றார். 'யூத காந்தி' என்றே அவரைச் சொன்னார்கள். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஹகாதாவின் கட்டளை எங்கெல்லாம் உயிர்பெறுகிறதோ, அங்கெல்லாம் அதைக் கையில் எடுத்தவர்கள் மேசையில் இடம் மறுக்கப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. இடம் பெற்றவர்களுக்கு அது நினைவுக் கொண்டாட்டம். வெளியே நிற்பவர்களுக்கு அது வழக்கு மனு. 'குலாம்கிரி' செய்ததும் இதுதான். மராட்டிய உழவர் வீடுகளில் பண்டிகை நாளில் பெண்கள் ஆரத்தி எடுத்து, துன்பம் தொலைந்து பலி மன்னனின் அரசு வரட்டும் என்று வாழ்த்துவது பழைய வழக்கம். அதே பண்டிகையில் பார்ப்பன வீடுகளில் மாவில் பலியின் உருவம் செய்து வயிற்றைக் கிழிப்பார்கள் என்று புலே எழுதுகிறார். ஒரே நாளில் ஒரு வீடு ஓர் அரசனை வரவேற்கிறது, மற்றொரு வீடு அவனைக் கொல்கிறது. வாமனனின் வெற்றி என்று புராணம் சொல்வதை, உழவரின் நீதியரசன் வீழ்த்தப்பட்ட நிகழ்வாகப் புலே திருப்பி வாசித்தார். வரலாற்றாசிரியர்கள் அவருடைய ஆரியப் படையெடுப்புக் கணக்கை ஏற்கிறார்களா இல்லையா என்பது வேறு விஷயம். அடுப்படியில் பாட்டிமார் முணுமுணுத்துவந்த வாழ்த்தை அரசியல் கோரிக்கையாகக் கேட்க அவருக்குக் காது இருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த முறை அயோத்திதாசரிடமிருந்து பழக்கமானது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர், தீபாவளி, கார்த்திகை உள்ளிட்ட பண்டிகைகளைப் பௌத்தர்களின் பறிக்கப்பட்ட நாட்களாக மீட்டு வாசித்தார். அந்தப் பலியை மாவலியாக ஆண்டுதோறும் வரவேற்கும் கேரளமும் பக்கத்தில்தான் இருக்கிறது.

புலேயின் மேசைக்கும் ஒரு சோதனை வந்தது. 1876–77இல் தக்காணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, சத்தியசோதகர்கள் புனேக்கு அருகே தனகவடியில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் இல்லம் நடத்தினார்கள். பசித்தவர் வரலாம் என்ற வரியை எழுதிவைத்திருந்தவர்கள் ஒரு பக்கம், அதை நூலில் எழுதிவைக்காமலே அடுப்பு மூட்டியவர்கள் இன்னொரு பக்கம். உலகம் இப்படித்தான் வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்கிறது.

பெனே இஸ்ரேலர் தம் பெசாக் கதையைத் தாமே வழக்கு மனுவாக்க வேண்டிய காலமும் வந்தது, அதுவும் வாக்களிக்கப்பட்ட நாட்டிலேயே. 1948க்குப் பிறகு அவர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனார்கள். 1951இன் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 26 ஆயிரம் யூதர் இருந்தார்கள். இன்று சில ஆயிரம் பேர், புனேயில் சில நூறு பேர். போன இடத்தில் வேலையிலும் குடியிருப்பிலும் நிறவேற்றுமை காட்டுவதாகச் சொல்லி 1951–52இல் ஒரு குழுவினர் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தித் தங்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். ஏறத்தாழ 150 பேர் திரும்பியும் வந்தார்கள். எகிப்தைவிட்டு வெளியேறிய கதையைச் சிறுவயது முதல் வாசித்தவர்கள், வாக்களிக்கப்பட்ட நாட்டிலிருந்து பம்பாய்க்கு வெளியேறினார்கள்.

பெரிய அடி 1962இல் விழுந்தது. பெனே இஸ்ரேலர் பிற யூதரை மணக்க விரும்பினால், அவர்களின் தாய்வழி மரபை எவ்வளவு தலைமுறை பின்னே போக முடியுமோ அவ்வளவு தூரம் விசாரிக்க வேண்டும் என்று தலைமை ரபிகள் மன்றம் உத்தரவிட்டது. கோராக்கள் காளாக்களிடம் கேட்டுவந்த அதே கேள்வி, இப்போது கோராக்களிடமே கேட்கப்பட்டது. உன் பாட்டியின் பாட்டி யார்? குடும்பங்கள் எருசலேமில் குழந்தைகுட்டிகளோடு உட்கார்ந்தன. இந்தியாவிலிருந்து கொண்டுபோன சத்தியாக்கிரகம் அது. 1964 ஆகஸ்டில் இஸ்ரேல் நாடாளுமன்றம், பெனே இஸ்ரேலர் எல்லா வகையிலும் மற்ற யூதருக்குச் சமமானவர் என்று தீர்மானம் இயற்றி, ரபிகள் மன்றம் தன் உத்தரவைத் திருத்த வேண்டும் என்றது. மன்றம் அவர்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, ஐயத்துக்குரியோர் எவரையும் விசாரிக்கலாம் என்று பொதுவாக எழுதிக்கொண்டது. அதிகார அலுவலகங்களின் திருத்தங்கள் எங்கும் ஒரே சாயலில்தான் இருக்கின்றன.

அதே நிலத்தில் 1948இல் வீடிழந்து வெளியேறிய ஏழு லட்சம் பாலஸ்தீனரின் கதை, ஹகாதாவுக்கு இன்னும் கடினமான கேள்வி. அந்த மேசையிலும் அதைக் கேட்பவர்கள் இல்லாமலில்லை. 1969இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட முதலாண்டு நினைவு நாளன்று, வாஷிங்டனில் ஆர்தர் வாஸ்கோ ஒரு 'விடுதலை பெசாக்' நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும், யூதரும் கிறித்தவரும் ஒன்றாக உட்கார்ந்து, எகிப்தோடு அமெரிக்காவின் அடிமைத்தனத்தையும் சேர்த்து வாசித்தார்கள். அதன் பிறகு பெண்களும் தொழிலாளர்களும் அகதிகளும் தங்களுக்கான ஹகாதாக்களை எழுதத் தொடங்கினார்கள். பாலஸ்தீனரின் உரிமையைத் தங்கள் பெசாக் வாசிப்புக்குள் கொண்டுவரும் யூதக் குழுக்களும் இன்று உண்டு. கறுப்பின மக்கள் மோசேயை நெடுங்காலமாகத் தம்மவராகவே பாவித்தார்கள். அவர்களின் விடுதலையைக் கண்டுதான் புலே தம் நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஆக எகிப்தின் கதை புனேவுக்கு ஒருமுறை கொங்கணத்து வழியாகவும் ஒருமுறை அமெரிக்கா வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

அம்பேத்கரும் அந்தக் கதையை எட்டிப் பிடித்தார். மோசேயின் முக்கியத்துவத்தைப் பற்றி 1941இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தம்மை நம்பாமல் முணுமுணுத்த, எகிப்தின் உணவுக்கு ஏங்கிய ஒரு மக்கள் கூட்டத்தை இழுத்துச் சென்ற தலைவன் அவருக்குப் புதியவன் அல்ல. 1927இல் அவர் சவ்தார் குளத்து நீரை அள்ளிக் குடித்த மகாட், பெனே இஸ்ரேலரின் பூர்வீகமான, அன்றைய கொலாபா மாவட்டத்தில் இருந்தது. 1932இல் புனே ஒப்பந்தம் கையெழுத்தான நாள் செப்டம்பர் 24. சத்தியசோதக் சமாஜம் பிறந்ததும் அதே தேதியில். தற்செயல்தான், ஆனால் புனேக்காரர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

இன்று இந்தக் கதையின் இந்திய முனை புனேயைவிட்டு நகர்ந்திருக்கிறது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் கொத்தரெட்டிப்பாளையம் என்ற ஊரில், முன்பு பாப்டிஸ்டு கிறித்தவர்களாக இருந்த மாதிகா தலித் குடும்பங்கள் சில, 1980களின் கடைசியில் தங்களை பெனே எப்ராயீம் என்று அறிவித்துக்கொண்டன. இஸ்ரவேலின் தொலைந்த குலங்களில் ஒன்று தாங்கள் என்பது அவர்கள் கூற்று. 1991இல் ஒரு தொழுகைக்கூடம் எழுப்பினார்கள். தெலுங்குக்கு நடுவே எபிரேயம் படிக்கிறார்கள், ஓய்வுநாளும் பண்டிகைகளும் அனுசரிக்கிறார்கள். மாட்டிறைச்சி உண்பதாலேயே தாழ்த்தப்பட்ட தங்கள் பழைய வழக்கங்களை, மறக்கப்பட்ட யூத வழக்கங்களின் மிச்சமாக அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். மானுடவியலாளர்கள் யூலியா எகோரோவாவும் ஷாகித் பர்வேசும் அவர்களோடு தங்கி ஆய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இஸ்ரேல் இதுவரை அவர்களை ஏற்கவில்லை. ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்பவர்களுக்கு, கொங்கணத்துக் கப்பல் கதைக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். பெனே இஸ்ரேலர் பலரே அவர்களை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த ஊரில் பெசாக் நடக்கிறது, கசப்புக் கீரையும் புளிக்காத ரொட்டியும் வைக்கிறார்கள். எகிப்து எது என்று அங்கே எந்தக் குழந்தைக்கும் விளக்க வேண்டியிருக்காது.